நீலகிரிப் பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பறைப் பொருள் வாங்கித் தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். சாக்பீஸ் வாங்க வரும் டீச்சர்களும், "ஏதாவது ஸ்கூலுக்கு உதவி பண்ணணும்" என்று வருகிறவர்களும் ஒரே கல்லாவுக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். இரண்டு பக்கத்துச் சந்தேகங்களும் வருஷா வருஷம் மாறுவதில்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. பதில்கள் பெரும்பாலும் நம் மாவட்டத்து அரசு, ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்குப் பொருந்தும்.

அரசாங்கமே எல்லாம் ஃப்ரீயா குடுக்குதே, அப்புறம் டீச்சருக்கு என்னங்க தேவை?

பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி, கிரேயான், கலர் பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ், அட்லஸ் என்று தமிழ்நாடு அரசு கொடுப்பது நீளமான பட்டியல்தான். மலைப்பகுதி என்பதால் நம் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், சாக்ஸும் உண்டு. இவற்றை மறுபடி வாங்கித் தர வேண்டியதில்லை. இத்தனைக்குப் பிறகும் நோட்டும் பென்சிலும்தான் நன்கொடையாக அதிகம் வருகின்றன.

அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் பிள்ளையின் பைக்குள் போகிறவை. பாடம் நடத்துகிறவருக்கு வேண்டியது வேறு: சார்ட், ஸ்கெட்ச் பேனா, மார்க்கர், பசை, கத்தரி, கலர் பிரின்ட், லேமினேஷன். 2022 ஜூனில் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியதிலிருந்து சின்ன வகுப்புகளில் பாதிப் பாடம் அட்டை, முகமூடி, பொம்மை, விளையாட்டு வழியாகத்தான் நடக்கிறது. ஜூன் மாதம் ஒட்டிய அட்டை ஆகஸ்ட்டில் கிழிந்துவிடும். அடுத்தது டீச்சர் கைக்காசு.

பள்ளிக்கு மானியம் வருமே என்பீர்கள். சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக்கல்வித் திட்ட விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.10,000, 31 முதல் 100 வரை என்றால் ரூ.25,000. குழாய் ரிப்பேர், சுத்தம், இன்டர்நெட் எல்லாம் அதற்குள். 2024-25இல் அந்த நிதியே டெல்லியில் முடங்கியது செய்தியில் வந்ததுதான்.

அப்படி என்னென்னதான் கேக்கறாங்க?

ஊருக்கு ஊர் மாறும். தேவாலா, சேரம்பாடி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பிடிக்கும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி. கீழே சமவெளியில் நன்றாக உழைக்கும் பொருள் இங்கே பல்லிளித்துவிடும். செல்லோடேப் போட்டு ஒட்டிய சார்ட், மறுநாள் காலை சுருண்டு தரையில் கிடக்கும். அதனால் டீச்சர்கள் சுவருக்குச் சுவர் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் சார்ட்டைத் தொங்கவிடுகிறார்கள். மரக் கிளிப் இரண்டு டஜனும் ஒரு கட்டுக் கயிறும் வாங்கிக் கொடுத்தால் அது ஒரு நல்ல நன்கொடை. நம்பமாட்டீர்கள், ஆனால் உண்மை.

லேமினேஷனிலும் ஒரு விஷயம் இருக்கிறது. லேமினேட் செய்த பிறகு படத்தின் ஓரத்தோடு சரியாக வெட்டிவிட்டால், வெட்டிய இடத்தில் தாள் வெளியே தெரியும். அந்த வழியாக ஈரம் ஏறி ஒரே மழைக்காலத்தில் உள்ளே கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். அட்டைகளைத் தனித்தனியாக வெட்டி, இடைவெளி விட்டு அடுக்கி லேமினேட் செய்து, சுற்றிலும் கால் இன்ச் பிளாஸ்டிக் ஓரம் நிற்கும்படி வெட்டினால் வருஷக்கணக்கில் வரும். லேமினேஷன் செலவை ஏற்கிறேன் என்று சொல்கிறவர்கள் இதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்றபடி அடிக்கடி வரும் கோரிக்கைகள்: மூடி இறுக்கமான டப்பாவோடு சாக்பீஸ் (நமுத்த சாக்பீஸ் எழுதாது, போர்டில் வழுக்கும்), கதைப்புத்தகம் வைக்க டிரங்குப் பெட்டி அல்லது ஸ்டீல் பீரோ, தரையில் விரிக்கத் துடைத்தெடுக்கக்கூடிய ஃபோம் விரிப்பு. ஜமுக்காளம் அழகாக இருக்கும், ஆனால் நனைந்தால் இங்கே ஒரு வாரம் காயாது, பிள்ளைகள் அதன்மேல்தான் உட்கார வேண்டும். எல்இடி டியூப்லைட்டும் கேட்பார்கள். மதியம் இரண்டு மணிக்கே மூடுபனி இறங்கும் பள்ளிகளில் கடைசி வரிசைக்குப் போர்டு தெரியாது.

முதல்ல யாரைப் பாக்கணும்? எச்.எம்.மையா, பி.இ.ஓ.வையா?

தலைமை ஆசிரியரை. ஈராசிரியர் பள்ளி என்றால் அவரே ஒரு வகுப்புக்கும் டீச்சராக இருப்பார், அதனால் தேவை அவருக்கே தெரியும். பெரிய பள்ளி என்றால் அவர் அனுமதியோடு வகுப்பு டீச்சரிடம் நேரடியாகப் பேசுங்கள். எச்.எம். வாயால் கேட்ட பட்டியலுக்கும் ஒன்றாம் வகுப்பு டீச்சர் எழுதும் பட்டியலுக்கும் வித்தியாசம் இருக்கும். நான் இரண்டாவதைத்தான் நம்புவேன்.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசு, உதவிபெறும் பள்ளி ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டிய குழு. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதி இடம் பெண்களுக்கு. குழுக் கூட்டத்தில் சொல்லி, தீர்மானத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது. சார்ட்டுக்கும் பசைக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) வரை போக வேண்டாம். கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று போனால்தான் மேலே அனுமதி வேண்டும்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையில் இல்லை, பழங்குடியினர் நலத்துறையில் இருக்கின்றன. அங்கே பிள்ளைகள் தங்கியிருப்பதால் வெளியாட்கள் வருவதற்குக் கட்டுப்பாடு அதிகம். முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் போங்கள்.

நான் டீச்சருங்க. கை நீட்டிக் கேக்கவே கூச்சமா இருக்கு. எப்படி எழுதறது?

உங்களுக்காகக் கேட்கவில்லையே டீச்சர். ஆனாலும் அந்தக் கூச்சத்தால்தான் "எங்கள் பள்ளிக்கு உதவுங்கள்" என்று மொட்டையாக எழுதிவிடுகிறீர்கள். வாசிப்பவருக்கு என்ன வாங்குவது என்று தெரியாது, உடனே நோட்டு வாங்கிவிடுவார். பொருள், அளவு, எதற்கு, எப்போதைக்குள் என்ற நாலும் இருக்கட்டும். ஒரு டீச்சர் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்த மாதிரி:

"1, 2, 3ஆம் வகுப்பு சேர்ந்து 14 பிள்ளைகள். முனை மழுங்கிய சின்னக் கத்தரி 7 (இரண்டு பேருக்கு ஒன்று). பசைக் குச்சி 14. வெள்ளை சார்ட் 20, கலர் வேண்டாம், எழுத்து தெரிவதில்லை. இடது கைப் பிள்ளைகள் இரண்டு பேர், முடிந்தால் அவர்களுக்கேற்ற கத்தரி. ஜூலை கடைசிக்குள்."

இதைப் படித்தவர் யாரும் சும்மா போகவில்லை. "கலர் வேண்டாம்" என்கிற வரியும் இடது கைப் பிள்ளைகளும் எந்தக் கேட்லாக்கிலும் கிடைக்காத விவரம். தொகை பெரிதாக இருந்தால் இரண்டு மூன்று பேர் பகிர்கிற மாதிரி பிரித்து எழுதுங்கள். ரூ.300க்குள் முடிகிற ஒரு வரி பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். சின்னதாகக் கொடுக்க நினைக்கும் ஆட்கள்தான் ஊரில் அதிகம்.

பணமா குடுத்தா சுலபமில்லீங்களா? எதுக்கு இத்தனை சுத்து?

உங்களுக்குச் சுலபம், டீச்சருக்கு இல்லை. கையில் ரொக்கம் வந்தால் அவர் கணக்கு எழுத வேண்டும், பில் சேர்க்க வேண்டும், வாங்கப் போக வேண்டும். கீழ்கோத்தகிரிக்கு உள்ளே இருக்கும் பள்ளியிலிருந்து கடைக்கு வந்து போக ஒரு சனிக்கிழமை காலியாகிவிடும். பொருளாகப் போனால் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே பயன்படுத்தலாம்.

அமெரிக்காவில் 2000இல் சார்லஸ் பெஸ்ட் என்ற பிராங்க்ஸ் பகுதி வரலாற்று ஆசிரியர் ஆரம்பித்த டோனர்ஸ்சூஸ் இதே முறைதான். ஆசிரியர் தேவையை எழுதுவார், பொதுமக்கள் பணம் கட்டுவார்கள், அமைப்பு பொருளை வாங்கிப் பள்ளிக்கு அனுப்பும். ஆசிரியர் கைக்குப் பணம் போகாது. நம் மாநிலத்தில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கப்பட்டது. அந்த இணையதளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கலாம். வெளியூரில் இருப்பவர்களுக்கும் பெரிய தொகைக்கும் அதுதான் ஒழுங்கான வழி. நாலு டப்பா ஸ்கெட்ச் பேனாவுக்கு அது தேவையில்லை.

டீச்சர் நல்லவங்க, எனக்குத் தெரியும். அவங்க ஜிபே நம்பருக்கே போட்டுடலாமா?

வேண்டாம். நல்லவர் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் நிதி திரட்டக் கூடாது. யாராவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால், வாங்கிய ஐந்நூறு ரூபாய்க்கு அவர் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார். வாட்ஸ்அப் குரூப்பில் தன் நம்பரைப் போட்டு "நன்கொடை அனுப்புங்கள்" என்று எழுதும் இளம் ஆசிரியர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: பட்டியலைப் போடுங்கள், நம்பரைப் போடாதீர்கள். பணம்தான் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்போ உங்க கடையிலதான் வாங்கணும்னு சொல்ல வர்றீங்களா?

இதை நேராகக் கேட்டது ஒருவர்தான். மற்றவர்கள் முகத்தில் கேட்டார்கள். இல்லை, எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். மொத்தமாக வாங்கினால் கோயம்புத்தூரில் விலை குறையும், அதை மறுத்தால் நான் பொய் சொன்னவளாவேன். ஆனால் பள்ளிக்குப் பக்கத்து டவுன் கடையில் வாங்கினால் இரண்டு லாபம். மார்க்கர் எழுதவில்லை என்றால் டீச்சரே மாற்றிக்கொள்வார். ஏற்றி இறக்கும் செலவும் அடுத்த கேள்வியில் வரும் சோதனைச்சாவடித் தலைவலியும் கிடையாது.

விலையில் ஒரு நல்ல சேதி: 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான், மேப், குளோப் இவற்றுக்கு ஜிஎஸ்டி இல்லை. பில்லில் வரி போட்டிருந்தால் கடைக்காரரைக் கேளுங்கள். என்னையும் கேட்கலாம்.

சென்னையிலேர்ந்து கார்ல எடுத்துட்டு வர்றோம். வழியில பிரச்சினை வருமா?

வெளிமாவட்ட வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர்நீதிமன்ற உத்தரவால் வந்தது. அடுத்த ஆண்டு சீசனுக்கு நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். பாஸுக்குக் காசு இல்லை, ஆனால் கடைசி நேரத்தில் எடுக்கலாம் என்று இருக்காதீர்கள். இங்கே பதிவான டிஎன் 43 வண்டிக்கு அது வேண்டாம்.

இரண்டாவது பிளாஸ்டிக். கல்லாறு, குஞ்சப்பனை வழியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செட் என்று அழகாகப் பாலித்தீன் கவரில் போட்டுக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். சோதனைச்சாவடியில் கவரையெல்லாம் பிரித்து வாங்கிக்கொண்டால், பென்சில் ஒரு பக்கம் ரப்பர் ஒரு பக்கம் என்று டிக்கி முழுக்கக் கொட்டிக் கிடக்கும். பிரவுன் தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டுங்கள். விழாவுக்கு என்று சின்னத் தண்ணீர் பாட்டில் பெட்டி பெட்டியாக ஏற்றாதீர்கள். பெங்களூரிலிருந்து வருபவர்கள் கவனிக்க: பந்திப்பூர், முதுமலைக் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, நீங்கள் வருவது சனி, ஞாயிறு. பள்ளி திறந்திருப்பது திங்கள் முதல் வெள்ளி. உங்கள் பெட்டியை வாங்குவதற்காக டீச்சர் தன் விடுமுறை நாளில் இரண்டு பஸ் மாறி வரக்கூடாது. டவுனில் ஒரு கடையிலோ தெரிந்த வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போங்கள். ஜீப்காரருக்கான வாடகையையும் இறக்குகூலியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது முழு நன்கொடை. பார்சல் ஆபீஸ் வரை வந்து, கடைசி ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு வழியில்லாமல் நிற்கும் பெட்டிகள் எப்போதும் உண்டு.

எந்த மாசம் குடுத்தா நல்லதுங்க?

ஜூன் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு. அதற்குள் சேர்க்கை முடிந்து எத்தனை பிள்ளைகள் என்று டீச்சருக்குத் தெரிந்திருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் மட்டும் மழை பலக்குமுன் பெட்டி, பீரோ போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இரண்டாவது நல்ல காலம் ஜனவரி, அப்போதுதான் ஸ்டாக் எல்லாம் தீர்ந்திருக்கும்; கொடுக்க வருகிறவர்களும் இருக்க மாட்டார்கள். ஏப்ரல், மே வேண்டாம். ஏப்ரலில் பரீட்சை முடிந்து பள்ளியைப் பூட்டிவிடுவார்கள், ரோடும் சீசன் கூட்டத்தில் நகராது.

வீட்ல பழைய கம்ப்யூட்டர், பழைய புக்கு, பாதி எழுதின நோட்டெல்லாம் கிடக்கு. குடுக்கலாமா?

பாதி எழுதின நோட்டு வேண்டாம். கதைப்புத்தகம் கிழியாமல், பூஞ்சணம் இல்லாமல் இருந்தால் தாராளமாக. தமிழில், பெரிய எழுத்தில், படத்தோடு இருப்பதுதான் முதலில் தீரும். போட்டித்தேர்வு கைடு, பழைய சிலபஸ் நோட்ஸ், கெட்டி அட்டை இங்கிலீஷ் என்சைக்ளோபீடியா இதெல்லாம் தொடக்கப் பள்ளியில் என்ன செய்வார்கள்?

கம்ப்யூட்டர் விஷயத்தில் கறாராக இருக்கிறேன். பள்ளிக்குள் வரும் நிலைத்த பொருள் எதுவும் இருப்புப் பதிவேட்டில் ஏறும். ஏறிய பிறகு கெட்டுப்போனாலும் நினைத்தபடி தூக்கிப் போட முடியாது, அதற்கு முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். அதுவரை அந்தச் செத்த மானிட்டர் ஒரு வகுப்பறையின் மூலையை அடைத்துக்கொண்டிருக்கும், ஆடிட் வரும்போதெல்லாம் எச்.எம். அதைத் தூசி தட்டிக் காட்டுவார். நன்றாக ஓடுகிற, இன்னும் மூன்று நான்கு வருஷம் ஓடப்போகிற மிஷின் என்றால் மட்டும், யுபிஎஸ்ஸோடு கொடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய் வருவதைத் தாங்க வேண்டுமே.

மொத்தமே பன்னெண்டு பிள்ளைங்க. அந்த ஸ்கூலுக்குப் போய் செலவு பண்ணணுமா?

பன்னிரண்டு பேரும் ஐந்து வகுப்பில் இருப்பார்கள், டீச்சர் இரண்டு பேர். ஒரு வகுப்புக்குப் பாடம் எடுக்கும்போது மற்ற பிள்ளைகள் தாமாகச் செய்ய ஏதாவது வேண்டும். அங்கேதான் அட்டை, புதிர், மணிச்சட்டம், கதைப்புத்தகத்துக்கு உண்மையான வேலை. நாற்பது பேர் இருக்கும் ஒரே வகுப்பில்கூட அவ்வளவு தேவைப்படாது.

எண்ணிக்கை பார்த்துக் கொடுப்பதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. மெயின் ரோட்டில், போர்டு தெரிகிற பள்ளிக்குத்தான் எல்லோரும் கொடுக்கிறார்கள். அதே பாதையில் ஐந்து கிலோமீட்டர் உள்ளே, டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லைனுக்குப் பக்கத்திலோ கரிக்கையூர் போகும் வழியிலோ இருக்கும் பள்ளியை யாரும் பார்ப்பதில்லை. ரோட்டோரப் பள்ளியில் மூன்று குளோப் இருக்கும். அந்த எச்.எம்.மே "எங்களுக்குப் போதும், உள்ளே கொடுங்க" என்று சொல்வதுண்டு. அப்படிச் சொல்கிறவர் பேச்சைக் கேட்டு நடங்கள்.

எங்க எஸ்டேட் ஸ்கூல்ல ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைங்க நெறையா இருக்காங்க. அவங்களுக்குத் தனியா என்ன வாங்கறது?

தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டில் பேசுவது இந்தி, சாத்ரி என்று வேறாக இருக்கும், பள்ளியில் தமிழ். இவர்களுக்குப் படம் பேச வேண்டும். எழுத்தே இல்லாத படக்கதைகள், காய், பழம், பாத்திரம், விலங்கு என்று அசலைப் போன்ற படம் உள்ள அட்டைகள், கைப்பொம்மைகள். பணியர், காட்டுநாயக்கர், இருளர், குறும்பர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கும் இதேதான் உதவும். நம்மூர் யானை, காட்டெருமை, கரடி படம் இருந்தால் பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிடும் என்று பந்தலூர் பக்கத்து டீச்சர்கள் சொல்வார்கள். கடையில் விற்கும் அட்டையில் ஒட்டகச்சிவிங்கியும் பெங்குவினும்தான் இருக்கின்றன. படம் வரையத் தெரிந்தவர்கள் பணத்துக்குப் பதில் இதைச் செய்து தரலாம்.

குடுக்கும்போது போட்டோ எடுத்துக்கலாமா? ஒரு சின்ன பேனர்?

பொருளையும் டீச்சரையும் எடுங்கள், டீச்சர் சம்மதித்தால். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்கொரு ஜியாமெட்ரி பாக்ஸைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி எடுக்காதீர்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளை முகத்தை ஃபேஸ்புக்கில் போடுவது தப்பு. அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு போகும்போதும் அந்தப் படம் அங்கேயே இருக்கும். பேனருக்கு ஆகிற காசில் எத்தனை சார்ட் வரும் என்று நான் கடையில் கணக்குப் போட்டே காட்டுவேன்.

விழாவாகத்தான் செய்ய வேண்டும் என்றால் கல்விச்சீர் முறை எனக்குப் பிடிக்கும். ஊர்க்காரர்கள் தாம்பாளத்தில் நோட்டு, கடிகாரம், சாக்பீஸ், பாய் எல்லாம் வைத்து, மேளதாளத்தோடு ஊர்வலமாகப் பள்ளிக்குக் கொண்டுபோவார்கள். அதில் கொடுப்பவர் ஒருத்தர், வாங்குபவர் ஒருத்தர் என்று பிரிந்து நிற்பதில்லை. பிள்ளையின் அப்பாவே ஒரு தட்டைத் தூக்கி வருவார்.

டேக்ஸ்ல கழிச்சுக்கலாமா?

பொருளாகக் கொடுத்ததற்குக் கழிவு கிடையாது. நாம் 80ஜி என்று சொல்லும் சலுகை, அதற்குப் பதிவு பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால்தான். ரொக்கம் என்றால் ரூ.2,000 வரைதான், அதற்கு மேல் வங்கி வழியாகப் போக வேண்டும். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஸ்கெட்ச் பேனா வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் வரி ரசீது கேட்காதீர்கள்.

பையன் அமெரிக்காவுல இருக்கான், டாலர்ல அனுப்பறேங்கறான்.

அவர் கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், பிறந்தது அரவேனுவாகவே இருந்தாலும், அந்தப் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். 2010 வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு அல்லது முன் அனுமதி உள்ள அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். மேலாண்மைக் குழுக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொல்லாதீர்கள், பள்ளிக்குத்தான் வம்பு. இந்தியக் குடிமகன்தான் என்றால், ஊருக்கு லீவில் வரும்போது டவுன் கடையில் தானே வாங்கிக் கொடுக்கட்டும். அம்மாவுக்கும் பெருமையாக இருக்கும்.

டீ கம்பெனிகிட்ட சி.எஸ்.ஆர். கேட்டா தருவாங்களா?

2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவுப்படி நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடும் கடமை; அதைத்தான் சி.எஸ்.ஆர். என்கிறோம். நம் ஊர்ச் சின்ன ஃபேக்டரிகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் வராது. வரும் கம்பெனிகளும் டப்பா டப்பாவாகப் பசை வாங்கித் தர மாட்டார்கள். ஸ்மார்ட் போர்டு, கழிப்பறை, கட்டடம் என்று பார்ப்பார்கள். பெரிய தேவையை மேலே சொன்ன 'நம்ம ஸ்கூல்' வழியாகக் கொண்டுபோங்கள். சின்னத் தேவைக்கு ரோட்டரி, லயன்ஸ், பழைய மாணவர்கள், மளிகைக் கடைக்காரர் போதும்.

போன வருஷம் குடுத்தது பீரோவுல பூட்டியே இருக்கு. எதுக்கு மறுபடி குடுக்கணும்?

கோபம் நியாயம்தான். ஆனால் ஏன் பூட்டினார்கள் என்று கேளுங்கள். பதிவேட்டில் ஏறிய பொருள் தொலைந்தால் எச்.எம். பதில் சொல்ல வேண்டும். பயந்தவர் பூட்டுவார். கம்ப்யூட்டர் கேள்வியில் சொன்ன அதே பதிவேடுதான் இங்கேயும் வேலை செய்கிறது. இதற்கு ஒரு வழி, நன்கொடைக் கடிதத்திலேயே எழுதிவிடுவது: "இவை பிள்ளைகள் தினமும் கையாளுவதற்கானவை, தேய்ந்து கிழிந்து தீரும் பொருள்கள்." தீரும் பொருள் என்று கணக்கு எழுதினால் அவருக்கும் கை இளகும். தேதி, பொருள், எண்ணிக்கை, மதிப்பு எழுதிய அந்தக் கடிதத்தின் நகலும் பள்ளி பெயரில் போட்ட பில்லும் உங்களிடம் இருக்கட்டும்.

பூட்டுவதற்கு வேறு காரணமும் உண்டு, கேட்காததைக் கொடுத்திருப்பீர்கள். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு மைக்ராஸ்கோப் போனால் அது பீரோவைத் தவிர எங்கே போகும்?

சில இடங்களில் பூட்டு கரடிக்காக. சத்துணவு எண்ணெய், பருப்பு வாசனைக்குக் கதவை உடைக்கும் கரடிகள் கோத்தகிரி, குன்னூர் பக்கம் புதிதல்ல. கூடலூர் பக்கம் அரிசிக்கு யானை. கொடுக்கும் பொருளைச் சமையலறையை ஒட்டி வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்படி நாமளே எல்லாம் செஞ்சா கவர்மென்ட் கையைக் கழுவிடாதா?

இதைக் கேட்கிறவர்கள் பாதிப்பேர் கொடுக்க மனமில்லாமல் கேட்கிறார்கள், பாதிப்பேர் உண்மையான அக்கறையில் கேட்கிறார்கள். இரண்டாவது பாதிக்கு என் பதில். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். ஜனங்கள் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், நிலம் வரை கொடுத்தார்கள். அதே காலத்தில்தான் அரசு ஏராளமான பள்ளிகளைத் திறந்தது, மதிய உணவும் வந்தது. ஊர் கொடுத்தது என்று அரசு ஒதுங்கிவிடவில்லை.

ஆனால் எல்லை வேண்டும். ஆசிரியர் சம்பளம், கட்டடம், கழிப்பறைத் தண்ணீர், சட்டப்படி தர வேண்டிய புத்தகம், சீருடை இதெல்லாம் அரசின் பொறுப்பு. ஸ்வெட்டர் வந்து சேரவில்லை என்றால் நான் ஸ்வெட்டருக்கு நன்கொடை திரட்ட மாட்டேன். மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மேலே எழுதச் சொல்லுவேன். உடைந்த கூரை ஓட்டுக்கும் அதேதான். அட்டை, பசை, கயிறு, கிளிப் என்று டீச்சர் கைக்காசில் போகிற சாமான்தான் என் பட்டியல்.

டீச்சருக்கு டிரான்ஸ்பர் ஆயிடுச்சு. நான் குடுத்தது அவங்களோட போகுமா, ஸ்கூல்லயே இருக்குமா?

பள்ளியிலேயே இருக்கும். பதிவேட்டில் ஏறியதை அவர் எடுத்துப்போக முடியாது, எடுத்துப்போகவும் மாட்டார். அவர் கையால் வரைந்த அட்டைகளைச் சிலர் கொண்டுபோவார்கள். அதை ஒரு குறையாகச் சொல்லாதீர்கள். புதிதாக வருபவருக்கு முந்தையவரின் பொருள்கள் எல்லாமே உதவும் என்று சொல்ல முடியாது. ஒருவர் பாட்டு வழியாகச் சொல்லித்தருவார், இன்னொருவருக்குச் சார்ட் இல்லாமல் கை ஓடாது. அதனால் போன வருஷப் பட்டியலை வைத்து வாங்கிவிடாமல், புது டீச்சரிடம் ஒரு துண்டுத்தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். ஜூன் மூன்றாவது வாரம் கேட்டால் சரியாக இருக்கும்.